'மரத்துப்போச்சு' என்று நோயாளி சொன்னால் ஆங்கிலத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்து வேலைக்காக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதப் படித்துவருகிறேன். நான் எழுதிய நான்கு வாக்கியங்களைப் பயிற்சி ஆசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். 'மை லெக் இஸ் பெயினிங்', 'ஹி ஹாஸ் நோ ஃபீலிங்ஸ் இன் போத் ஃபீட்', 'ஹி பிகேம் சென்ஸ்லெஸ் அட் ஹோம்', 'ஹிஸ் ஒய்ஃப் இஸ் ஃபீலிங் எ லாட்'. அகராதியைப் புரட்டினால் ஃபீல், சென்ஸ், பெர்ஸீவ், எக்ஸ்பீரியன்ஸ் எல்லாவற்றுக்கும் 'உணர்' என்றே இருக்கிறது. இவற்றை எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வாக்கியங்களில் இலக்கணம் பெரிய குறையில்லை. சொல் தேர்வில்தான் இடறுகிறது. 'உணர்' என்ற சொல்லை நடுவில் வைத்துக்கொண்டு, அதன் வழியாக ஆங்கிலத்துக்குப் போகப் பார்க்கிறீர்கள். வார்டில் எந்த நோயாளியாவது 'சிஸ்டர், நான் காலில் வலியை உணர்கிறேன்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'வலிக்குது', 'எரியுது', 'குடையுது', 'கூசுது', 'மதமதன்னு இருக்கு', 'படபடன்னு வருது' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொற்களில் ஏற்கெனவே நிறையத் தகவல் இருக்கிறது. 'உணர்' என்று மாற்றியவுடன் அத்தனையும் போய்விடுகிறது. அதனால் நோயாளி சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டு, மேற்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு வரும் பதிலை வைத்து ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்ற மூன்றும் எளிது. 'நோ ஃபீலிங்ஸ் இன் போத் ஃபீட்' என்பதில் 'ஃபீலிங்' உடன் ஒட்டிய அந்த 'ஸ்' தான் தவறு. ஓர் உறுப்பைச் சேர்த்துச் சொல்லும்போது 'ஃபீலிங்' ஒருமையில்தான் வரும். அது தொட்டால் தெரிகிற உணர்வு. 'ஃபீலிங்ஸ்' என்று பன்மையாக்கினால் மனத்தின் உணர்ச்சிகள் ஆகிவிடும். 'ஹி ஹாஸ் நோ ஃபீலிங் இன் ஹிஸ் ஃபீட்' என்றால் பாதத்தில் உணர்வில்லை. 'ஹி ஹாஸ் நோ ஃபீலிங்ஸ்' என்றால் ஈவு இரக்கம் இல்லாதவர். ஒரு நோயாளியைப் பற்றி அப்படி எழுதிவிடக் கூடாதல்லவா!

இந்தக் குழப்பம் தமிழிலும் இருக்கிறது. 'உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்' என்ற அறிவிப்பைச் சுகாதார நிலையச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். அங்கே 'உணர்ச்சி' என்பது தோலின் உணர்வு. 'உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டார்' என்னும்போது அதே சொல் மனத்தைக் குறிக்கிறது. நமக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். தோலுக்கு 'சென்சேஷன்', மனத்துக்கு 'எமோஷன்'. அந்தத் தேமல் 'எ பேட்ச் வித் லாஸ் ஆஃப் சென்சேஷன்'. 'எமோஷன்லெஸ் பேட்ச்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது.

நீங்கள் கேட்ட நான்கு வினைகளும் இப்படிப் பிரியும். 'ஃபீல்' உடம்புக்கும் மனத்துக்கும் பொது. பேச்சில் அதிகம் வருவது இதுதான். 'சென்ஸ்' வினையாக வந்தால், யாரும் சொல்லாமலே குறிப்பால் தெரிந்துகொள்வது: 'ஐ சென்ஸ்ட் தட் ஷி வாஸ் ஃப்ரைட்டண்ட்', அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பட்டது. 'பெர்ஸீவ்' என்பது புலனுக்கு வந்ததை மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது. 'எக்ஸ்பீரியன்ஸ்' என்றால் பட்டு அனுபவிப்பது. 'ஷி இஸ் எக்ஸ்பீரியன்ஸிங் நாசியா' என்று கடிதங்களில் வரும். நோயாளியோடு பேசும்போது 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸிங் பெயின்?' என்று கேட்காதீர்கள், படிவத்தைப் பார்த்து வாசிப்பது போலிருக்கும். 'ஹேவ் யூ காட் எனி பெயின்?' போதும்.

இனி, 'மரத்துப்போச்சு'. இந்த ஒரு சொல்லை மட்டும் சரியாகக் கையாண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. தமிழில் இதற்குள் மூன்று தனித்தனி நிலைமைகள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது, தொட்டால் தெரியவில்லை, அல்லது மங்கலாகத் தெரிகிறது. அது 'நம்'. எழுத்தில் கடைசியில் ஒரு 'பி' உண்டு, ஒலியில் கிடையாது. 'நம்ப்' என்று சொல்லாதீர்கள். பெயர்ச்சொல் 'நம்னெஸ்'. இரண்டாவது, உணர்வு போகவில்லை, தேவையில்லாத உணர்வு கூடுதலாக வருகிறது. சம்மணமிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் காலில் ஊசி குத்துவது போல, எறும்பு ஊர்வது போல இருக்குமே, அது. பேச்சு ஆங்கிலத்தில் 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' அல்லது 'டிங்கிளிங்', மருத்துவக் குறிப்பில் 'பாரஸ்தீசியா'. மூன்றாவது, உணர்வெல்லாம் சரியாக இருக்கிறது, கையைத் தூக்க முடியவில்லை. அது 'வீக்னெஸ்'. இதற்கும் நம்மவர்கள் 'கை மரத்துப்போச்சு', 'கை வரலை', 'கை கனமா கிடக்கு' என்றுதான் சொல்வார்கள். 'ஹிஸ் ஹேண்ட் இஸ் நாட் கமிங்' என்று அப்படியே மாற்றினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'ஹி கெனாட் லிஃப்ட் ஹிஸ் ரைட் ஆர்ம்' என்று எழுத வேண்டும்.

இந்த மூன்றையும் பிரிக்கத் தமிழிலேயே கேட்டுவிடலாம். 'தொட்டா தெரியுதாய்யா? இல்ல, தெரியுது, ஆனா ஊசி குத்துற மாதிரி இருக்கா? இல்ல, தூக்கவே வரலையா?' இங்கிலாந்தில் கேட்கும்போது: 'கேன் யூ ஃபீல் மி டச்சிங் யுவர் ஹேண்ட்? டஸ் இட் டிங்கிள்? கேன் யூ லிஃப்ட் இட்?' உணர்வு போவது ஒரு நரம்பு வேலை, அசைவு போவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தும் வரலாம், தனியாகவும் வரலாம். ஒரு பக்கக் கை திடீரென்று 'மரத்துப்போய்' வந்தவர் பக்கவாத நோயாளியாக இருக்கலாம். அவருடைய குறிப்பில் வெறும் 'நம்னெஸ்' என்று போட்டுவிட்டு 'வீக்னெஸ்'ஸை விட்டுவிட்டால், அடுத்து படிப்பவர் அவசரத்தைக் குறைவாக எடைபோடுவார். இதில் இன்னொரு பொறி: தமிழில் 'வீக்கா இருக்கு' என்றால் பெரும்பாலும் அசதி. அதற்கு ஆங்கிலம் 'ஐ ஃபீல் டயர்ட்' அல்லது 'ஐ ஹேவ் நோ எனர்ஜி'. மருத்துவக் குறிப்பில் 'வீக்' என்ற சொல்லைத் தசையின் பலம் குறைந்தால் மட்டும் போடுங்கள்.

சர்க்கரை நோயாளியின் பாதத்தைச் சோதிக்கும்போது இந்தச் சொற்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள். கையில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இருக்கிறது. நைலான் இழை, வளைகிற வரை அழுத்தினால் 10 கிராம் விசைதான் தரும். முதலில் அதை நோயாளியின் கையிலோ நெற்றியிலோ வைத்துக் காட்டுங்கள்: 'திஸ் இஸ் வாட் இட் ஃபீல்ஸ் லைக்'. பிறகு கண்ணை மூடச் சொல்லி, 'ஸே யெஸ் எவ்ரி டைம் யூ ஃபீல் இட் ஆன் யுவர் ஃபுட்' என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, பேசாமல் செய்யுங்கள். இழை வளையும்வரை அழுத்தி, ஓரிரு நொடியில் எடுக்க வேண்டும். காய்ப்பு, புண், தழும்பு உள்ள இடங்களைத் தவிர்க்க வேண்டும். பலர் செய்யும் பிழை, ஒவ்வொரு இடத்திலும் தொட்டுக்கொண்டே 'டூ யூ ஃபீல் திஸ்?' என்று கேட்பது. கேள்வி வந்தாலே தொட்டிருக்கிறார்கள் என்று நோயாளிக்குத் தெரிந்துவிடும். பழக்கத்தில் 'யெஸ்' என்பார். சோதனை வீண். உணர்வு இல்லை என்று தெரிந்தால் எழுத வேண்டிய தொடர் 'லாஸ் ஆஃப் ப்ரொடெக்டிவ் சென்சேஷன்'. செருப்பில் கல் குத்தினாலும் தெரியாத அளவுக்கு உணர்வு போய்விட்டது என்று அதற்குப் பொருள். 'நோ ஃபீலிங்ஸ்' என்பதற்குப் பதிலாக இதை எழுதியிருந்தால் உங்கள் ஆசிரியரின் சிவப்பு மைக்கு வேலையே இருந்திருக்காது.

முதல் வாக்கியத்துக்கு வருவோம். 'மை லெக் இஸ் பெயினிங்' இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். இங்கிலாந்திலும் ஊகித்துக்கொள்வார்கள், ஆனால் அவர்கள் அப்படிப் பேசுவதில்லை. 'பெயின்' அங்கே வினையாக வந்தால் மனத்தை வருத்துவது என்ற பொருளில்தான் வரும்: 'இட் பெயின்ஸ் மி டு ஸே திஸ்', இதைச் சொல்லவே எனக்கு வேதனையாக இருக்கிறது. உடம்பு வலிக்கு 'மை லெக் ஹர்ட்ஸ்' என்றோ 'ஐ ஹேவ் எ பெயின் இன் மை லெக்' என்றோ சொல்லுங்கள். தமிழில் 'எனக்குக் கால் வலிக்குது' என்று எனக்கு, கால் இரண்டும் சேர்ந்து வருகின்றன. ஆங்கிலத்தில் எழுவாயாக ஒன்றைத்தான் வைக்க முடியும். கால் எழுவாயானால் 'ஹர்ட்ஸ்', நான் எழுவாயானால் 'ஹேவ் எ பெயின்'. இந்த இரண்டு அச்சையும் மனத்தில் பதித்துக்கொண்டால் எந்த உறுப்புக்கும் செல்லும்.

'ஏக்' என்பது விடாமல் நீடிக்கும் மந்தமான வலி. 'ஹெட்ஏக்', 'டூத்ஏக்', 'இயர்ஏக்', 'பேக்ஏக்', 'ஸ்டமக்ஏக்' என்று சில உறுப்புகளோடுதான் ஒட்டும். 'நீஏக்', 'லெக்ஏக்' என்று யாரும் சொல்வதில்லை. அங்கே 'நீ பெயின்', 'லெக் பெயின்'. உடம்பு முழுக்க அடித்துப்போட்டாற்போல் வலித்தால் 'ஐ ஏக் ஆல் ஓவர்'. 'சோர்' என்றால் தேய்ந்தோ வீங்கியோ ரணமாக இருக்கிற வலி: தொண்டை கரகரத்து வலிப்பது 'சோர் த்ரோட்', வழக்கமில்லாத வேலை செய்த மறுநாள் தசை வலி 'சோர் மஸில்ஸ்'. அதே சொல் பெயர்ச்சொல்லாக வந்தால் புண். படுக்கைப் புண் 'ப்ரெஷர் சோர்'.

'டெண்டர்' கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டிய சொல். தானாக வலிப்பதில்லை, அழுத்தினால் வலிக்கிறது என்பது அதன் பொருள். வலி என்பது நோயாளி சொல்வது. 'டெண்டர்னெஸ்' என்பது நீங்களோ மருத்துவரோ கைவைத்துக் கண்டறிவது. குடல்வால் அழற்சி சந்தேகத்தில் வந்தவர் 'வலது பக்கம் அடிவயிறு வலிக்குது' என்றால் அது 'பெயின்'. அதே இடத்தை அழுத்தும்போது அவர் முகம் சுளித்தால் அது 'டெண்டர்னெஸ்'. மெதுவாக அழுத்திச் சட்டென்று கையை எடுக்கும்போது வலி கூடினால் 'ரீபவுண்ட் டெண்டர்னெஸ்'. கைவைக்காமலே 'அப்டமன் டெண்டர்' என்று எழுதினால், செய்யாத பரிசோதனையைச் செய்ததாகப் பதிவாகிவிடும். மொழிப்பிழையோடு நிற்கிற விஷயமில்லை இது.

வலியின் தன்மையைச் சொல்லும் சொற்களுக்கு ஒரு நல்ல மூலம் இருக்கிறது. மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975-ல் வெளியிட்ட வலி வினாநிரலில் 78 சொற்கள் 20 தொகுதிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 1987-ல் அதைச் சுருக்கி 15 சொற்களாக்கினார். அந்தப் பதினைந்தில் 11 சொற்கள் உடம்புக்கு வலி எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்பவை. மீதி 4 சொற்கள் அந்த வலி மனிதரை என்ன செய்கிறது என்பதை. 'த்ராபிங்', 'ஸ்டாபிங்', 'பர்னிங்' முதல் வகை. 'ஃபியர்ஃபுல்', 'சிக்கனிங்' இரண்டாம் வகை. நீங்கள் கேட்ட சென்ஸுக்கும் ஃபீலிங்ஸுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கமும் 1979-ல் வலியை 'சென்ஸரி அண்ட் எமோஷனல் எக்ஸ்பீரியன்ஸ்' என்றே வரையறுத்தது. 2020-ல் வரையறையைத் திருத்தியபோதும் அந்தத் தொடரைக் கைவிடவில்லை. ஒரே வலியில் இரண்டும் இருக்கிறது. இரண்டையும் கேட்டு, இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

தமிழில் இந்த முதல் வகைச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. 'விண்விண்ணுன்னு தெறிக்குது' என்றால் 'த்ராபிங்': நாடித் துடிப்போடு சேர்ந்து வரும் வலி, சீழ்கோத்த பல்லிலும் ஒற்றைத் தலைவலியிலும் கேட்பீர்கள். 'சுருக்குன்னு குத்துது' என்பது 'ஸ்டாபிங்' அல்லது 'ஷார்ப்'. 'இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் சுளீர்னு இழுக்குது' என்றால் 'ஷூட்டிங் பெயின்'; எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பதையும் சேர்த்து, 'ஷூட்டிங் டவுன் தி பேக் ஆஃப் தி லெக்' என்று எழுதுங்கள். வயிறு 'முறுக்கிப் பிடிக்குது' என்றால் 'க்ராம்பிங்'. அது கூடிக் குறைந்து அலை அலையாக வந்தால் 'காலிக்கி'. 'குடைச்சல்' ஆழத்திலிருந்து வருவது, 'எ டீப் ஏக்'. வயிற்றில் அரிப்பது போலக் குடைந்தால் 'நாயிங்', முதலெழுத்து 'ஜி' ஒலிக்காது.

'எரியுது' பெரும்பாலும் 'பர்னிங்' தான். ஆனால் நெஞ்செரிச்சல் 'ஹார்ட்பர்ன்'. பெயரில் இதயம் இருந்தாலும் விஷயம் இரைப்பை அமிலம். சிறுநீர் போகும்போது எரிந்தால் 'இட் பர்ன்ஸ் வென் ஐ பீ' என்று நோயாளி சொல்வார், 'ஸ்டிங்ஸ்' என்றும் சொல்வார். நீங்கள் எழுதுவது 'டிஸ்யூரியா'.

நெஞ்சைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மாரடைப்போடு வருகிறவர்களில் பலர் 'வலி' என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை. 'நெஞ்சு அடைக்குது', 'பாரத்தைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு', 'இறுக்கிப் பிடிக்குது', 'கேஸ் மாதிரி இருக்கு' என்பார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களும் இப்படித்தான்: 'இட்ஸ் நாட் எ பெயின், மோர் எ டைட்னெஸ்'. அதனால் 'எனி செஸ்ட் பெயின்?' என்று மட்டும் கேட்டால் 'நோ' என்று பதில் வரும், அது உண்மையான பதிலாகவும் இருக்கும், ஆனாலும் நீங்கள் தவறான முடிவுக்குப் போய்விடுவீர்கள். 'எனி பெயின், ப்ரெஷர், டைட்னெஸ் ஆர் டிஸ்கம்ஃபர்ட் இன் யுவர் செஸ்ட்?' என்று நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். 'பாரமா இருக்கு' என்றால் 'ஹெவி', 'இறுக்குது' என்றால் 'டைட்', 'பிசையுது' என்றால் 'ஸ்க்வீஸிங்'. 'கேஸ்' என்று அவர் சொன்னதை 'கேஸ்ட்ரிக் பெயின்' என்று நீங்களாக முடிவுகட்டி எழுதக் கூடாது. அது நோய்க்கு நீங்கள் பெயர் வைப்பதாகிவிடும். வயதானவர்களிடமும் பெண்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், வியர்வை, அசதி மட்டும் வரலாம் என்பதால் இந்தக் கேள்வியை அவர்களிடம் இன்னும் விரிவாகக் கேட்பது நல்லது.

உடம்பு, மனம் இரண்டிலும் கால்வைத்து நிற்கும் தமிழ்ச் சொற்களில்தான் அதிகம் சறுக்கும். 'எரிச்சலா இருக்கு': கண்ணிலா, மனசிலா? கண் என்றால் 'மை ஐஸ் ஆர் பர்னிங்', மனம் என்றால் 'ஐ ஃபீல் இரிட்டேட்டட்'. கை கால் உளைச்சல் 'ஏக்கிங்', மன உளைச்சல் 'டிஸ்ட்ரெஸ்'. 'படபடப்பு' எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. நெஞ்சு தடதடவென்று அடிப்பது தெரிந்தால் 'பால்பிட்டேஷன்ஸ்'. பயத்தில் வரும் பதற்றம் 'ஃபீலிங் ஆங்ஷியஸ்'. சாப்பிடாமல் இன்சுலின் போட்டுக்கொண்டு வியர்வையும் நடுக்கமுமாக வந்தால் 'ஷேக்கி அண்ட் ஸ்வெட்டி', உடனே சர்க்கரை பார்க்க வேண்டும். 'நெஞ்சு அடிக்கிறது தெரியுதா, மனசு பதறுதா, கை நடுங்குதா?' என்று கேட்டால் பிரிந்துவிடும்.

மூன்றாவது வாக்கியம், 'ஹி பிகேம் சென்ஸ்லெஸ்'. அடிபட்டு மூர்ச்சையாவதற்கு 'நாக்ட் சென்ஸ்லெஸ்' என்ற வழக்கு ஆங்கிலத்தில் உண்டு. ஆனால் தனியாக 'சென்ஸ்லெஸ்' என்றால் அர்த்தமற்ற, மதிகெட்ட என்றுதான் முதலில் தோன்றும். குறிப்பில் 'ஹி லாஸ்ட் கான்ஷியஸ்னெஸ் அட் ஹோம்' என்று எழுதி, எத்தனை நிமிடம், யார் பார்த்தார்கள் என்பதையும் சேருங்கள். தமிழில் 'நினைவு தப்பிருச்சு' என்பதை 'லாஸ்ட் மெமரி' என்று மாற்றுவதும் இதே வகைப் பிழை. நினைவு என்ற சொல் நமக்கு ஞாபகம், சுயநினைவு இரண்டையும் சுமக்கிறது.

'மயக்கம்' இன்னும் அகலமானது. அறையே சுற்றுவது போலிருந்தால் 'வெர்டிகோ'. நோயாளி 'தி ரூம் இஸ் ஸ்பின்னிங்' என்பார். எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு விழப்போவது போலிருந்தால் 'லைட்ஹெடட்' அல்லது 'ஐ ஃபீல் ஃபெயிண்ட்'. விழுந்து நினைவிழந்தே விட்டால் 'ஃபெயின்டட்'. தூக்கம் போல அசந்து கிடந்தால் 'ட்ரௌஸி'. 'டிஸ்ஸி' என்பது முதல் இரண்டுக்கும் பொதுவான பேச்சுச் சொல், அதனால் அதைக் கேட்டவுடன் நிறுத்தாமல் 'டஸ் தி ரூம் ஸ்பின், ஆர் டூ யூ ஃபீல் யூ ஆர் அபௌட் டு பாஸ் அவுட்?' என்று கேட்க வேண்டும். 'மயக்க மருந்து' என்று நாம் சொல்லும் 'அனஸ்தீசியா'வின் கிரேக்க வேர்ப்பொருளில் மயக்கமே கிடையாது. உணர்வின்மை என்றுதான் பொருள். அதனால்தான் பல் பிடுங்க 'லோக்கல் அனஸ்தீசியா' போட்டால் ஆள் விழித்தேயிருக்கிறார், ஈறு மட்டும் மரத்துப்போகிறது. 'மயக்க ஊசியா!' என்று பயப்படும் நம் நோயாளிகளிடம் 'மரத்துப்போற ஊசி' என்று சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

'சென்ஸ்' குடும்பத்தின் மற்றவர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'சென்ஸிட்டிவ்' என்றால் எளிதில் தூண்டப்படுவது: பல் கூச்சம் 'சென்ஸிட்டிவ் டீத்', வெளிச்சம் கூசினால் 'சென்ஸிட்டிவ் டு லைட்', சொன்னால் சட்டென்று மனம் நோகிறவரும் 'சென்ஸிட்டிவ்'. கல்ச்சர் அண்ட் சென்ஸிட்டிவிட்டி அறிக்கையில் கிருமி எந்த ஆன்டிபயாட்டிக்குக்கு மடங்குகிறது என்பதற்கும் இதே சொல்தான். 'சென்ஸிபிள்' என்றால் விவேகமானவர். 'சென்ஸரி' என்றால் புலன் சார்ந்தது. 'சென்ஸரி லாஸ்' என்று எழுதப் போய் 'சென்சுவல்' என்று எழுதிவிடாதீர்கள், அது சிற்றின்பத்தின் பக்கம் போகிற சொல்.

நான்காவது வாக்கியம், 'ஹிஸ் ஒய்ஃப் இஸ் ஃபீலிங் எ லாட்'. தமிழில் 'ரொம்ப ஃபீல் பண்றாங்க' என்பது இப்போது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. வருத்தப்படுகிறார் என்று பொருள். ஆங்கிலத்தில் 'ஃபீல்' அப்படித் தனியே நிற்காது, என்ன ஃபீல் என்று பின்னால் ஒரு பெயரடை வேண்டும். 'ஷி இஸ் வெரி அப்செட்' என்பது வருத்தம், 'வொரிட்' என்பது கவலை, 'ஃப்ரைட்டண்ட்' என்பது பயம், 'டிஸ்ட்ரெஸ்ட்' என்பது ஆற்றாத தவிப்பு, 'ஓவர்வெல்ம்ட்' என்பது எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியாமல் திணறுவது. அந்த அம்மா இவற்றில் எதில் இருக்கிறார் என்று பார்த்து எழுதுங்கள். 'டென்ஷனா இருக்காங்க' என்பதையும் 'ஷி ஹாஸ் டென்ஷன்' ஆக்க வேண்டாம். 'ஷி இஸ் ஸ்ட்ரெஸ்ட்' போதும்.

இதோடு சேர்ந்ததுதான் 'ஃபீல் பண்ணாதீங்கம்மா'. நம் ஊரில் அது அன்பான சொல். 'டோன்ட் ஃபீல்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் உணர்ச்சியே கூடாது என்று அதட்டுவது போலாகும். ஓஇடி பேச்சுத் தேர்வில் இரண்டு ரோல்-ப்ளே, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 நிமிடம். அதில் நோயாளியின் கோணத்தைப் புரிந்துகொண்டு பேசுகிறீர்களா என்பதற்கும் மதிப்பெண் இருக்கிறது. அங்கே முதலில் அவர் நிலையைச் சொல்லில் ஏற்றுக்கொள்ளுங்கள்: 'ஐ கேன் ஸீ திஸ் இஸ் வெரி அப்செட்டிங் ஃபார் யூ'. ஒரு நொடி நிறுத்துங்கள். பிறகு 'வாட் இஸ் வொரியிங் யூ மோஸ்ட்?' என்று கேளுங்கள். 'ஐ நோ ஹௌ யூ ஃபீல்' என்பதைத் தவிர்ப்பது நல்லது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற எண்ணம் அவருக்கு வரும்.

இங்கிலாந்துக்குப் போவதால் அங்கே காதில் விழும் சில 'ஃபீல்' வழக்குகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 'ஐ ஃபீல் சிக்' என்றால் அங்கே குமட்டுகிறது என்று பொருள், உடனே கிண்ணத்தை எடுங்கள். 'ஐ வாஸ் சிக் லாஸ்ட் நைட்' என்றால் பெரும்பாலும் ராத்திரி வாந்தி எடுத்தார். 'ஐ ஃபீல் ஃபன்னி' என்று சொல்பவர் சிரிப்பு வருகிறது என்று சொல்லவில்லை; உடம்பு என்னவோ செய்கிறது என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டால் நாடி, ரத்த அழுத்தம் பாருங்கள். 'ஐ ஃபீல் ரஃப்', வட இங்கிலாந்தில் 'ஐ ஃபீல் பூர்லி', இரண்டும் உடம்பு சரியில்லை என்பதுதான். 'ஐ ஃபீல் கோல்ட்' குளிர்கிறது, 'ஐ ஹேவ் எ கோல்ட்' சளி பிடித்திருக்கிறது, 'ஐ ஹேவ் எ டெம்பரேச்சர்' காய்ச்சல். நீங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் போகும்போதும் 'ஃபீல்' தான்: 'ஐ ஆம் ஜஸ்ட் கோயிங் டு ஃபீல் யுவர் டம்மி'. 'டச் அண்ட் ஸீ' என்று சொல்ல வேண்டாம். தொட்டுப் பார், முகர்ந்து பார், ருசித்துப் பார் என்று எல்லாப் புலனோடும் 'பார்' சேர்ப்பது நம் வழக்கம், அங்கே அது இல்லை.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு சிறு நோட்டில் தினமும் ஐந்து நோயாளிகள் சொன்ன சொல்லைப் பெயர், படுக்கை எண் எதுவும் இல்லாமல் அப்படியே தமிழில் எழுதுங்கள். பக்கத்தில் நீங்கள் கேட்ட கூடுதல் கேள்வி. அதற்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வடிவம்: நோயாளி பேசுவதாக ஒன்று, நீங்கள் குறிப்பு எழுதுவதாக ஒன்று. 'இட்ஸ் லைக் பின்ஸ் அண்ட் நீடில்ஸ் இன் மை டோஸ்' ஒரு பக்கம், 'ரிப்போர்ட்ஸ் டிங்கிளிங் இன் போத் ஃபீட் ஃபார் டூ வீக்ஸ், வொர்ஸ் அட் நைட்' மறுபக்கம். எழுத்துத் தேர்வில் 45 நிமிடம். முதல் 5 நிமிடம் படிக்க மட்டும், கடிதம் 180 முதல் 200 சொற்களுக்குள். அவ்வளவு சின்ன இடத்தில் 'ஃபீலிங் வெரி பேட்' போன்ற தொடர்கள் இடத்தைத்தான் தின்னும். 'கம்ப்ளெய்ன்ஸ் ஆஃப்' என்பதற்குப் பதில் 'ரிப்போர்ட்ஸ்' என்று எழுதிப் பழகுங்கள். நோயாளி குறை சொல்கிறார் என்ற தொனி அதில் இருக்காது.

எந்தச் சொல் பொருந்துகிறது என்று கூடுதல் கேள்விக்குப் பிறகும் தெளிவாகாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு, கீழே நீங்கள் சோதித்ததை எழுதுங்கள். 'பேஷன்ட் ஸேஸ் ஹிஸ் லெக் ஃபீல்ஸ் "டெட்"' என்று ஒரு வரி, 'ரெட்யூஸ்ட் சென்சேஷன் பிலோ தி லெஃப்ட் நீ, பவர் நார்மல்' என்று அடுத்த வரி.